கோண அடைப்புக்குள் முப்பத்தைந்து தெருக்கள்

லோகநாயகிக்கு வேலை கிடைத்த அன்றைக்கு அவள் புருஷன் ஹரிகிருஷ்ணன் கேட்ட முதல் கேள்வி, பெர்மனென்ட்டா என்பதுதான். தங்கமான மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது, ஆனாலும் அந்த நேரத்தில் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். பெர்மனென்ட் இல்லை. மூன்று மாசம் பார்ப்பேன், சரிப்பட்டு வந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் மனசில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் தாமோதரன் சார் சேர்த்துக்கொண்டார். அந்த மூன்று மாசம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் கதை.

நாற்பத்தொரு வயசில் தற்காலிக வேலையா என்று சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். சிரிக்கிறவர்கள் பதினைந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு ஒரு இன்டர்வியூவுக்குப் போய்ப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைனிங் படித்து, அங்கேயே மூன்று வருஷம் வேலையும் பார்த்தவள் அவள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாலிடெக்னிக் என்று யார் இணையப் பக்கம் வேண்டுமென்று வந்தாலும் லோகநாயகியிடம்தான் அனுப்புவார்கள். எழுத்து பெரிதாக வேண்டுமா, நடுவில் நிற்க வேண்டுமா, சிவப்பா பச்சையா, எல்லாம் அவள் கையில். பிறகு கல்யாணம், குழந்தை, புருஷனுக்கு மாற்றல்மேல் மாற்றல், கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. மகள் ஒன்பதாம் வகுப்பு போன பிறகு வேலை தேட ஆரம்பித்தால், போன இடமெல்லாம் ஒரே கேள்வி: நடுவில் ஏன் இத்தனை வருஷம்? பதினோரு இடத்தில் கேட்டார்கள். பன்னிரண்டாவது இடத்தில் தாமோதரன் சார் அதைக் கேட்கவில்லை. தமிழில் பிழையில்லாமல் டைப் அடிக்க வருமா என்றார், ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார், மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். சர்வே இலாகாவில் முப்பது வருஷம் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்து ரிட்டயரான மனுஷர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பஞ்சாயத்துகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலையை ஆரம்பித்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், ஆள் உயரத்துக்குக் காகிதம் தள்ளுகிற ஒரு பெரிய பிரிண்டர், வெயில் காலத்தில் மட்டும் கெட்டுப்போகிற ஒரு ஏசி. ஜனமெல்லாம் காலையில் தாம்பரம் பக்கம் அடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருக்க, லோகநாயகி எதிர்த்திசை ரயிலில் ஜன்னலோரம் சாவகாசமாக உட்கார்ந்து வருவாள். கூடுவாஞ்சேரி தாண்டியதும் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லி சாப்பிடுவாள். அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இது போய்விட்டால் என்ன செய்வேன் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

இப்போது கையில் இருந்த வேலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சின்னமேட்டுக்குப்பம் என்கிற கடலோர ஊருக்கான புயல்கால வரைபடம். மொத்தம் நாற்பத்தொரு தெருவும் சந்தும். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், எந்தத் தெருக்காரர்கள் பெரிய ரோட்டோரம் இருக்கிற புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும் என்று காட்டி, ஊர் முகப்பில் பெரிய போர்டாக வைக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை போர்டு அச்சுக்குப் போக வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் லோகநாயகி தங்குவாள், சொதப்பினால் கிளம்புவாள் என்று தாமோதரன் சார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

வரைபடத்தின் ஓரத்தில் ஒரு நீளமான எழுத்துப் பெட்டி. நாற்பத்தொரு தெருப் பெயரும் அதில் வரிசையாக வரவேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற தெருவெல்லாம் நீலம், மையத்துக்குப் போகிற தெருவெல்லாம் சிவப்பு. ஒரே பெட்டிக்குள் இரண்டு நிறம், இரண்டு அளவு எழுத்து வேண்டுமென்றால், அந்த சாஃப்ட்வேரில் எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஹெச்டிஎம்எல் என்ற டிக்கைப் போட்டுவிட்டு, இணையப் பக்கத்துக்குக் கட்டளை எழுதுகிற மாதிரி எழுத வேண்டும். ஆபீஸில் அதற்கென்றே ஹேமந்த் இருந்தான். இருபத்தைந்து வயசு, கூடுவாஞ்சேரிப் பையன், கெட்டிக்காரன். தனக்கு அது தெரியும் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் போட்ட திட்டம் பிரமாதம். ஒவ்வொரு தெருப் பெயரையும் மூலை வளைந்த ஒரு கட்டத்துக்குள் வைத்து, பின்னால் லேசாக நிழல் விழவைத்து, செல்போன் ஆப் மாதிரி பளபளவென்று கொண்டுவருவது என்று. திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். மூலையும் வளையவில்லை, நிழலும் விழவில்லை. பிரவுசரில் போட்டுப் பார்த்தால் ஜோராக வருகிறது, வரைபடத்தில் போட்டால் மொட்டையாக நிற்கிறது. பேஜாராகிப்போய் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டான்.

லோகநாயகி தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு அவன் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புது ஸ்டைலெல்லாம் தெரியாது. தெரிந்தது அருப்புக்கோட்டையில் படித்ததுதான். எழுத்தைத் தடிமனாக்க ஒரு கட்டளை, நடுவில் நிறுத்த ஒரு கட்டளை, அடுத்த வரிக்கு இறக்க ஒரு கட்டளை, நிறத்துக்கு ஃபான்ட் கலர். ஃபான்ட் கலரையெல்லாம் இப்போது யாரும் தொடுவதேயில்லை, எழுதினால் கிண்டல் செய்வார்கள் என்று மகள்கூடச் சொல்லியிருந்தாள். யாரும் பக்கத்தில் இல்லையே என்ற தைரியத்தில் அதை அடித்தாள். முதல் தெரு செக்கச்செவேலென்று, தடிமனாக, நட்டநடுவில் வந்து நின்றது.

அட என்று அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். விஷயம் ரொம்பச் சாதாரணம். வரைபடம் போடுகிற அந்த சாஃப்ட்வேருக்கு ஹெச்டிஎம்எல் அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்த அந்த அரைகுறையும் பழசு. லோகநாயகிக்குத் தெரிந்த அதே பழசு. டீ குடித்துவிட்டு வந்த ஹேமந்த் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், சிரித்தான். நல்ல பையன், அவனுக்கு அதில் கோபமே வரவில்லை. இனிமே நீங்க கட்டளை எழுதுங்கக்கா, நான் தெருப் பேர் டேபிளை இணைச்சுத் தர்றேன் என்று இடத்தை விட்டுக்கொடுத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற ரயிலில் லோகநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷம் சமையலறை அலமாரியில் கிடந்த சாமானைத் துடைத்து அடுப்பில் வைத்தால் குழம்பு கொதிக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

செவ்வாய்க்கிழமை அவள் புதிதாக ஒரு பெட்டி போட்டு, அதற்கு ஹெச்டிஎம்எல் டிக்கையும் போட்டு முடித்தாள். தெருப் பெயர்களெல்லாம் ஜாக்குலின் ஊருக்குப் போய் எடுத்து வந்த பட்டியலிலிருந்து தானாகவே வந்து விழும்படி ஹேமந்த் இணைத்துக் கொடுத்திருந்தான். ஜாக்குலின் என்பவள் சாருக்குக் களவேலை பார்க்கிறவள். படாளத்துக்காரி, முப்பது வயசு, சிவில் டிப்ளமோ. அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்கவைத்த பெண். மாசச் சம்பளம் கிடையாது, வேலை இருந்தால் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டியில் போய் ஒவ்வொரு சந்தாக நடந்து, அகலம் அளந்து, பெயர் கேட்டு, செல்போனில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள்.

லோகநாயகி பெட்டியின் மேலே இருந்த ஆறு வரியைப் பார்த்தாள். கடற்கரைச் சாலை, கோயில் தெரு, மாதா கோயில் தெரு என்று எல்லாம் சுத்தமாக இருந்தன. மொத்தம் நாற்பத்தொரு வரி இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணினாள். இருந்தது. பெரிய பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து மேஜைமேல் விரித்தார்கள். தாமோதரன் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, கலர் கண்ணைக் குத்தாமல் நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது பெரிய விஷயம். லோகநாயகி பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள், அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை சார், லோகநாயகி, ஜாக்குலின் மூன்று பேரும் சாருடைய பழைய காரில் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து தெற்கே. ஹேமந்த் ஆபீஸில் இருந்துகொண்டான். போனதற்குக் காரணம், சின்னமேட்டுக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் சுவரில் எதை ஒட்டுவதானாலும், அது கல்யாணப் பத்திரிகையோ கலெக்டர் நோட்டீஸோ, முதலில் சமுதாயக்கூடத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். தெருப் பெயர் வந்தால் அந்தத் தெரு ஆள் ஒருத்தர் 'கீறோம்', அதாவது இருக்கிறோம், என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால்தான் ஒட்டலாம். மீன் விற்கிற பெண்கள் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது, அவர்களை மீறி அந்த ஊரில் ஒரு ஆணியும் அடிக்க முடியாது.

அந்தப் பெண்களுக்குத் தலைவி எல்லம்மாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், காலையில் மாமல்லபுரம் மார்க்கெட்டில் கூடையைக் காலி செய்துவிட்டு, குளித்து, தலையில் ஈரத் துண்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூடம் நிறையப் பெண்கள், பின்னால் சுவரோரம் பத்துப் பதினைந்து ஆண்கள். ஜாக்குலினைப் பார்த்ததும் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள், எல்லாரும் கலரைப் பார்த்து நல்லாகீதே என்றார்கள். படிக்கிற வேலையை லோகநாயகிதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் ஆறு தெருவுக்கும் 'கீறோம்' வந்தது. ஏழாவதாக, கடல்நோக்குத் தெரு முதல் குறுக்கு என்று படித்தாள். சத்தமில்லை. கடல்நோக்குத் தெரு இரண்டாம் குறுக்கு. சத்தமில்லை. மூன்றாம் குறுக்கு, நாலாம் குறுக்கு, புதுமனைத் தெரு வடக்குச் சந்து, புதுமனைத் தெரு தெற்குச் சந்து. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னாம்மா இது," என்றாள் எல்லம்மாள். "எந்த ஊரு மேப்ப எட்த்துகினு வந்துகீற? கடல்நோக்குத் தெருன்னு எங்க ஊர்ல ஒண்ணு கீதா இன்னா?"

இருந்தது, அரசாங்கக் கணக்கில் இருந்தது. வரி ரசீதில் இருக்கும், வாக்காளர் பட்டியலில் இருக்கும். ஆனால் ஊர் வாயில் இல்லை. ஐஸ் பெட்டி சந்து, ரெட்டைப் பனைத் தெரு, டிவி ரூம் தெரு, சுனாமி வூட்டு வரிசை என்றுதான் அவர்கள் சொல்வார்கள். புயல் வந்து மைக்கில் அலறும்போது கடல்நோக்குத் தெரு மூன்றாம் குறுக்கு கிளம்பவும் என்றால் யார் கிளம்புவது? அதற்காகத்தான் அரசாங்கப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடவேண்டும் என்று வேலையை எடுத்த அன்றைக்கே சாரும் ஊர்க்காரர்களும் பேசியிருந்தார்கள். இப்போது வரைபடத்தில் ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை.

தாமோதரன் சாருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் கத்துகிற ரகம் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசுகிற ரகம், அதுதான் இன்னும் மோசம். ஜாக்குலின் பக்கம் திரும்பி, ஊர்ப் பெயர் கேட்டு எழுது என்று சொல்லித்தானே அனுப்பினேன், நாலு நாள் வெயிலில் சுற்றினேன் என்றாயே, என்னத்தைத்தான் எழுதினாய் என்று கேட்டார். அடுத்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாத்தையும் ஏத்தினேன் சார் என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துப் பட்டியலைத் திறக்கப் பார்த்தாள். கடலோரத்தில் நெட் கிடைக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கையிலிருந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

லோகநாயகியும் அந்த நோட்டைப் பார்த்தாள். ஒரு வரிதான் கண்ணில் பட்டது. கடல்நோக்குத் தெரு 3ஆம் குறுக்கு <ஐஸ் பெட்டி சந்து>.

அவளுக்கு நடந்தது முழுக்கப் புரிந்துவிட்டது. ஹெச்டிஎம்எல் டிக்கைப் போட்டுவிட்டால், அந்தக் கோண அடைப்புக்குள் எது வந்தாலும் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தெரிந்த கட்டளையென்றால் செய்யும். தெரியாத கட்டளையென்றால் திட்டாது, சிவப்பு விளக்கு காட்டாது, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஐஸ் பெட்டி சந்து என்று ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. முதல் ஆறு தெருவுக்கும் அரசாங்கப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றேதான், அங்கே அடைப்பே இல்லை. அதனால்தான் அவள் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மீதி முப்பத்தைந்து தெருவின் ஊர்ப் பெயரையும் விழுங்க வைத்தது அவள் போட்ட ஒரு டிக்.

இப்போது கொஞ்சம் நில்லுங்கள். அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. சாருக்கு நிலம் அளக்கத் தெரியும், கட்டளை தெரியாது. ஜாக்குலினுக்குத் தான் எழுதியது தெரியும், அது எங்கே போனதென்று தெரியாது. லோகநாயகி பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஏதோ ஏறாமல் போய்விட்டது என்று முடிந்துவிடும், ராத்திரிக்குள் சரிசெய்து கொடுத்தால் கெட்டிக்காரி என்ற பேரும் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. எதிர்த்திசை ரயில், ஜன்னலோரம், இட்லி எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. ஜாக்குலின் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கி நெட் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பொண்ணைச் சொல்லாதீங்க," என்றாள் லோகநாயகி. "பேரெல்லாம் அவ சரியாத்தான் எழுதியிருக்கா. அழிச்சது நான்."

அவள் டிக் போட்டதையும், அடைப்பையும், ஆறு வரி மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பார்க்காமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சார் ஜாக்குலினைப் பார்த்தார். ஏம்மா, உலகத்தில் வேறு அடைப்பே கிடைக்கவில்லையா, அந்தக் குறியை எதற்குப் போட்டாய் என்று கேட்டார்.

ஜாக்குலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க சொன்ன ரூலுதான் சார். ரவுண்டு பிராக்கெட்டு வூட்டு நம்பருக்கு. சதுர பிராக்கெட்டு சந்தேகமா இருக்கறதுக்கு. எனக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

எல்லம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வே இலாகாவில் முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினோம் என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார். அந்த வழக்கத்தை இரண்டு பெண்கள் தலையில் கட்டியது தான்தான் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போர்டு வேலை நடக்குமா நடக்காதா, நாங்க உலை வெக்கணும் என்று எல்லம்மாள் கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் சுரணை வந்தது.

வரைபடமும் பட்டியலும் ஏற்றிய லேப்டாப் காரில் இருந்தது. லோகநாயகி கூடத்துத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைத் திறந்தாள். ஹேமந்துக்குப் போன் போட்டால், அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த டேபிளைத் திறந்து பார்த்தான். பிறகு, நானும் அந்த டேபிளை ரெண்டு நாளா பாத்துகினேதானே இருந்தேன், எனக்கும் தோணலையேக்கா என்றான். ஜாக்குலின் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து பெயர் பெட்டிக்குள் வந்து விழுகிற வழியில், திறக்கிற கோணக் குறி வந்தால் அதற்குப் பதிலாக அடுத்த வரிக்கு இறக்குகிற கட்டளையைப் போடு, மூடுகிற குறி வந்தால் ஒன்றும் போடாதே என்று ஒரு சூத்திரம் எழுதினால் போதும். எழுதினாள். முதல் தடவை வரவில்லை, ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. இரண்டாவது தடவை ஐஸ் பெட்டி சந்து வந்து நின்றது. அதற்கு மேலும் கீழும் ரெட்டைப் பனை, டிவி ரூம், தொட்டி சந்து என்று முப்பத்தைந்தும் வரிசையாக இறங்கின.

எல்லம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு பிரச்சினையைக் கிளப்பினாள். கவர்மென்ட்டு பேரு மேல தடியா கீது, எங்க பேரு கீழ எறும்பு மாதிரி கீது, மழையில நின்னுகினு எவன் அத்தப் படிப்பான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். லோகநாயகி சாரைப் பார்த்தாள். அரசாங்கப் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதியிருக்கிறது, எது பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை என்றார் அவர். அது போதும். தடிமன் கட்டளையைக் கீழே இறக்கி, சின்ன எழுத்துக் கட்டளையை மேலே ஏற்றினாள். ஊர்ப் பெயரெல்லாம் பெட்டியில் திமிராக நிமிர்ந்து நின்றன.

மறுபடியும் படித்தாள், இந்தத் தடவை லேப்டாப்பைப் பார்த்து. ஐஸ் பெட்டி சந்து என்றதும் 'கீறோம்' என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. டிவி ரூம் தெரு, கீறோம். மேரி டீச்சர் வூட்டு சந்து, கீறோம். ஒவ்வொரு குரலும் வரவர லோகநாயகியின் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. முப்பத்தொன்பதாவது பெயருக்கு வந்தபோது அவளே ஒரு நொடி நிறுத்திவிட்டுப் படித்தாள்.

"எல்லம்மா சந்து."

எல்லம்மாள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள், ஜாக்குலினைப் பார்த்தாள். இப்படி யார் சொன்னது என்று கேட்டாள். அந்தச் சந்தில் ஒன்பது வீடு, ஒன்பது வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள் ஜாக்குலின். பின்னாலிருந்து ஒரு கிழவர், வேற இன்னான்னு சொல்றது, நீ போடற சத்தம்தானே அங்க அடையாளம் என்றார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஈரத் துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"கீறேன்," என்றாள். "எழுதிக்கோ, கீறேன்."

திரும்பும்போது காரில் முன்சீட்டில் லோகநாயகி, பின்சீட்டில் ஜாக்குலின். ஊர்ப் பெண்கள் கொடுத்த நெத்திலிக் கருவாடு ஒரு பையில் காலடியில் மணத்துக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது லோகநாயகிக்கு, ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே, சரி, இது முடிந்தது என்றும் தோன்றியது. அத்தனை பேர் முன்னால் நான்தான் கெடுத்தேன் என்று சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வார்த்தையை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு தாமோதரன் சார் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ஹேமந்துக்கு?"

"யோசிச்சா தெரிஞ்சிருக்கும். ஆனா அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டான்."

அவர் ம் என்றார். ஒரு லாரியை முந்திப் போனார். பிறகு, வடக்கே இன்னொரு குப்பம் பேசி முடித்தாகிவிட்டது, அறுபத்துமூன்று தெரு என்று ஆரம்பித்தார். அங்கே எழுதப் போவதற்கு முன்னால் எந்தக் குறியை எதற்குப் போடுவது என்று உட்கார்ந்து பேசிவிட வேண்டும், இலாகா வழக்கமெல்லாம் இனி உதவாது, அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றார். பின்சீட்டுக் கண்ணாடியைப் பார்த்து, ஏம்மா ஜாக்குலின், நான் அங்கே பேசினது தப்பு, நீயும் வந்துவிடு என்றார். ஜாக்குலின் சரி சார் என்றாள்.

லோகநாயகிக்கு அது இன்னும் உறைக்கவில்லை. எப்போது உட்காருவது, நாளைக்கா, வெள்ளிக்கிழமையா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை போர்டு அச்சுக்குப் போகுதே, எங்க நேரம் இருக்கு," என்றார் சார். "திங்கட்கிழமை வெச்சுக்கலாம்."

பின்னாலிருந்து ஜாக்குலின் கையை நீட்டி லோகநாயகியின் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒரு திங்கட்கிழமை. என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு சார் வரணும்?"

"இது என்ன கேள்வி," என்றார் தாமோதரன் சார். "எப்பவும் வர்ற நேரத்துக்கு வா."